தென்னாப்பிரிக்கப் புல்வெளியில் குளிர்காலக் களைகள்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை நிமித்தமாக ஜோகானஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் வந்து, முன்னும் பின்னும் புல்வெளி உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள் ஜூன் மாத வாக்கில் ஒரு குழப்பத்துக்கு ஆளாவதுண்டு. கோடை முழுவதும் பச்சைப்பசேலென்றிருந்த புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. அதன் நடுவே ஆங்காங்கே சில திட்டுகள் மட்டும் இளம்பச்சையாகத் துளிர்த்து நிற்கின்றன. தப்பிப் பிழைத்தது இவ்வளவுதான் என்று எண்ணி, அந்தத் திட்டுகளுக்குத் தினமும் தண்ணீர் விட்டு உரமும் போடுகிறார்கள். உண்மையில் வைக்கோல் நிறத்தில் கிடப்பதுதான் உங்கள் புல். பச்சையாக நிற்பது களை.

ஐயம் இருந்தால் காய்ந்து கிடக்கும் புல்லின் ஓடுதண்டு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் அது உறங்குகிறது என்று பொருள். வெயில் காலத்தில் வளரும் புல் வகைகள் குளிர் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சேமித்த சத்தை வேரிலும் தண்டிலும் வைத்துக் காத்திருக்கின்றன. குளிர்காலக் களைகளுக்கு இது நேர்மாறு. அவை இலையுதிர்காலத்தில் முளைத்து, குளிரில் வளர்ந்து, குளிர் முடியும்போது பூத்து விதைத்து, வெயில் ஏறியதும் மடிகின்றன. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் நீங்கள் விடும் நீரும் உரமும் போய்ச் சேருவது பெரும்பாலும் களைக்குத்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், பின்வரும் வேலைகள் ஒவ்வொன்றும் ஏன் அந்தந்த மாதத்தில் வருகின்றன என்பது விளங்கும்.

காலத்தையும் இடத்தையும் சரிபார்த்துக்கொள்ளுதல்

தென் அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழ். நம் நாள்காட்டியின் பங்குனியும் சித்திரையும் இங்கே இலையுதிர்காலம்; வைகாசி இறுதியிலிருந்து ஆடி வரை குளிர்காலம்; ஆவணி பிற்பகுதியிலும் புரட்டாசியிலும் இளவேனில். இங்குள்ள மாரியம்மன் கோயில்களில் ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நாள்களில் களைகள் பூவெடுத்துக்கொண்டிருக்கும். புரட்டாசி விரதம் தொடங்கும்போது அவற்றில் பாதி விதை உதிர்த்து முடித்திருக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து மண்ணைக் கிளறி நீர் பாய்ச்சினால், முளைப்பது பெரும்பாலும் களை விதைதான்.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஜோகானஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் உள்ள மேட்டுநிலப் பகுதியில் மழை கோடையில் பெய்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை மழை ஏறக்குறைய இல்லை, இரவில் உறைபனி விழுகிறது. அங்கே நீர் பாய்ச்சாத புல்வெளியில் குளிர்காலக் களை அதிகம் வராது; வந்தால் தெளிப்பான் எட்டும் இடத்திலும், குழாயடியிலும், சுவரின் நிழலிலும் வரும். டர்பன் கரையோரத்தில் உறைபனி கிடையாது, புல்லும் முழுவதாக உறங்குவதில்லை. வளர்ச்சி மந்தமாகும்போது நிழலான, இறுகிய இடங்களில் களை நுழைகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற உள்நாட்டு ஊர்களில், பள்ளமான பகுதிகளில் உறைபனி உண்டு. கேப் டவுன் முற்றிலும் வேறு கதை. அங்கே மழைக்காலமே குளிர்காலம் என்பதால், புல் சோர்ந்திருக்கும் நேரத்தில் களைக்கு வானமே நீர் பாய்ச்சுகிறது. அங்கே வசிப்பவர்கள் இந்தக் கட்டுரையின் எல்லா வேலைகளையும் செய்ய வேண்டியிருக்கும். மேட்டுநிலத்தில் வசிப்பவர்கள் பாதியைச் செய்தாலே போதும்.

உங்கள் புல் எது?

களைக்கொல்லி வாங்கும் எண்ணம் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். இந்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகைப் புற்களைக் காணலாம். தடித்த ஓடுதண்டும் மெல்லிய மயிர் படர்ந்த இளம்பச்சை இலையும் கொண்டு, எல்லை தாண்டிப் பூப்பாத்திக்குள்ளும் ஓடுவது கிக்கூயு. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்த இதுவே நாட்டில் மிகப் பரவலானது. டர்பன் பக்கத்தில் மரநிழலில் மெத்தென்று அடர்ந்து வளர்வது எல்.எம். புல். அகன்ற, முனை மழுங்கிய, கரும்பச்சை இலையுடன் கரையோரங்களில் வளர்வது பஃபலோ புல். நான்காவது நமக்கு அறிமுகமானது: இங்கே குவீக் என்று அழைக்கப்படும் புல், பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லேதான். இந்த நான்கில் பஃபலோ புல் களைக்கொல்லிகளால் எளிதில் பாதிக்கப்படுவது. அருகம்புல் ஓரளவு தாங்கும்.

களையை இனம் காணுதல்

களைகளை நம் விவசாயிகள் புல் வகை, கோரை வகை, அகன்ற இலை வகை என்று பிரிப்பார்கள். குளிர்காலத்தில் கோரையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது வெயில் காலத்து எதிரி. மற்ற இரண்டையும் வேறுபடுத்தத் தெரிந்தாக வேண்டும், ஏனெனில் அகன்ற இலைக் களைக்கான மருந்து புல் வகைக் களையை ஒன்றும் செய்யாது.

புல் வகையில் முதலிடம் போவா அன்னுவா என்னும் குளிர்காலப் புல்லுக்கு. கடைகளில் இதை விண்டர் கிராஸ் என்பார்கள். குனிந்து ஒரு தூரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சிறு குஞ்சம்போலக் கொத்தாக இருக்கும். வேர் மேலோட்டமானது, ஈரமண்ணில் இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடும். இலையின் நுனி கூராக முடியாமல் படகின் மூக்கைப்போல் மடிந்து குவிந்திருக்கும். விரலால் அழுத்தித் தட்டையாக்கினால் நுனி இரண்டாகப் பிளக்கும். வேறு புல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இந்த அடையாளம் போதும். இளஞ்செடியிலேயே வெளிர்நிறக் கதிர் விட்டுவிடும். இயந்திரத்தால் எவ்வளவு தாழ வெட்டினாலும், வெட்டும் கத்திக்குக் கீழே இன்னொரு கதிரைத் தள்ளி விதைத்துவிடும் ஆற்றல் இதற்கு உண்டு. மனிதர் நடந்து நடந்து இறுகிய மண்ணும், நிழலும், அடிக்கடி விடும் சிறிதளவு நீரும் இதற்கு மிகவும் பிடித்தவை. கார் ஏறி இறங்கும் ஓரத்தில் இது கம்பளம்போல் படர்ந்திருப்பதைக் கண்டால், அங்கே மண் இறுகிவிட்டது என்று படித்துக்கொள்ளுங்கள்.

அகன்ற இலை வகையில் பல உண்டு. நான்கைந்தைத் தெரிந்துகொண்டால் போதும். சிக்வீட் என்னும் சிறு கீரை போன்ற செடி மென்மையான தண்டோடு தரையில் படர்ந்து வெள்ளைப் பூ பூக்கும். பார்க்கப் பரவலாக இருந்தாலும் பிடுங்குவது எளிது. டான்டெலியனும் அதைப் போன்றே மஞ்சள் பூப்பூக்கும் வேறு சில செடிகளும் இலைகளைத் தரையோடு தரையாக வட்டமாக விரித்து, ஆணிவேரை ஆழமாக இறக்கியிருக்கும். குளோவர் மூன்று இலைச் செடி. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தித் தருவதால், தழைச்சத்துக் குறைந்த மண்ணில் புல் மெலியும்போது இது கொழிக்கும்.

நம் ஊர்ப் புளியாரையின் உறவினமான ஆக்ஸாலிஸ் தனிக் கவனத்துக்குரியது. சிறிய மஞ்சள் பூவுடைய, ஊர்ந்து படரும் புளியாரையை இங்கும் காணலாம். ஆனால் கேப் பகுதியில் குளிர்காலத்தில் வயல்வெளியையே மஞ்சளாக்கும் பெரிய பூவுடைய இனம், அந்த மண்ணுக்கே உரியது. மண்ணுக்கு அடியில் சிறுசிறு கிழங்குக் குமிழ்களை உருவாக்கிப் பெருகுவது. இலையை மட்டும் கிள்ளி எடுத்தால் குமிழிலிருந்து மீண்டும் வரும்.

வெறுங்காலோடு பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் சோலிவா என்னும் சிறு களையைத் தேடிப் பாருங்கள். கொத்தமல்லித் தழையின் சிறிய வடிவம்போல் தரையை ஒட்டி வளரும் இதன் விதையில் கூரிய முள் உண்டு. இளவேனில் முதிரும்போது அந்த முள் கடினமாகிக் காலில் ஏறும். முள் குத்தியபின் மருந்தடிப்பது வீண். செடியைக் கொன்றாலும் முள் அங்கேதான் கிடக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டிலேயே இதை ஒழித்துவிட வேண்டும். கோடையில் குத்தும் நெருஞ்சி வேறு. அதைத் தனியே பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச், ஏப்ரல்: இப்போது செய்வதே பெரும்பங்கு

குளிர்காலக் களை முளைக்க இரண்டு வேண்டும்: குளிர்ந்த ஈரமண், வெளிச்சம் படும் இடைவெளி. இரண்டாவதை உங்களால் மறுக்க முடியும். அடர்ந்து மூடிய புல்வெளியில் விழுந்த விதை வெளிச்சம் காணாமல் கிடக்கும். அதனால் கோடை முடியும்போது புல்லைத் தாழ வெட்டுவதை நிறுத்தி, இயந்திரத்தின் வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றிவிடுங்கள். கிக்கூயுவை 40 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலும், எல்.எம். புல்லையும் பஃபலோ புல்லையும் 50 மில்லிமீட்டரை ஒட்டியும் விட்டு வெட்டலாம். அருகம்புல்லுக்கு 25 மில்லிமீட்டர் போதும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

உரத்தைப் பொறுத்தவரை, குளிர் தொடங்குவதற்குக் குறைந்தது நான்கைந்து வாரம் முன்னதாகவே கடைசி உரத்தை இட்டுவிட வேண்டும். இந்நாட்டு உரப்பைகளில் 2:3:2 (22), 3:1:5 (26) என்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் விகிதம்; அடைப்புக்குள் உள்ளது மூன்றும் சேர்ந்து பையில் எத்தனை விழுக்காடு என்பது. 3:1:5 (26) என்றால் மொத்தம் 26 விழுக்காட்டை ஒன்பதாகப் பங்கிட்டு, ஏறக்குறைய 8.7 விழுக்காடு தழைச்சத்து, 2.9 மணிச்சத்து, 14.4 சாம்பல்சத்து என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். சாம்பல்சத்து மிகுந்த இந்த வகை இலையுதிர்காலத்துக்கு ஏற்றது. தழைச்சத்து மட்டும் உள்ள உரத்தை மே மாதத்தில் கொட்டினால், பனியில் கருகும் இளந்துளிர் கொஞ்சமும் களை நிறையவும் கிடைக்கும்.

இறுகிய இடங்களைத் தோட்டத்துக் கவைமுள்ளால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, முன்னும் பின்னும் லேசாக அசைத்து, ஒரு சாண் இடைவெளியில் தொடர்ந்துகொண்டே போங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குளிர்காலப் புல் ஆண்டுதோறும் ஒரே திட்டில் திரும்ப வருகிறதென்றால், மருந்தைவிட இதுவே பயன் தரும். மரநிழலில் கிக்கூயு மெலிந்து மண் தெரிகிறதா? நிழலுக்கு ஒத்துவராத புல்லோடு மல்லுக்கட்டாமல், கரையோரத்தில் வசிப்பவர்கள் அங்கே எல்.எம். புல்லுக்கு மாறிவிடலாம், அல்லது கீழ்க்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடலாம்.

முளைக்கும் முன் இடும் மருந்து வேண்டுமா?

சென்ற ஆண்டு புல்வெளியில் கால்பங்குக்கு மேல் களை இருந்திருந்தால் மட்டுமே இதை யோசியுங்கள் என்பேன். சாதாரண வீட்டுப் புல்வெளிக்குக் கையே போதும். பெண்டிமெத்தலின், ஆக்ஸடையசான் போன்ற மூலப்பொருள்கள் உள்ள மருந்துகள், மண்ணின் மேல்மட்டத்தில் ஒரு தடுப்பாக நின்று, முளைவிடும் விதையைக் கொல்கின்றன. ஏற்கெனவே முளைத்த செடியை அவை தொடுவதில்லை. ஆகவே நாள் தவறினால் பணம் வீண்.

போவா அன்னுவா, மண்ணின் வெப்பம் சுமார் 21 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது முளைக்கத் தொடங்குகிறது. சமையலறை வெப்பமானி ஒன்றை மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் காலையில் செருகி, சில நாள் தொடர்ந்து பாருங்கள். 22, 23 என்று இறங்கி வரும்போதே மருந்து மண்ணில் இருக்க வேண்டும். மேட்டுநிலத்தில் இது மார்ச் நடுவிலிருந்தும், டர்பன் கரையோரத்தில் ஏப்ரலிலும் நேரும். கேப்பில் முதல் குளிர்கால மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். இட்டபின் லேபிளில் சொன்ன அளவு நீர் பாய்ச்சி மருந்தை மண்ணில் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு கவைமுள்ளால் குத்தவோ வாரவோ கூடாது, தடுப்பு உடைந்துவிடும். கவைமுள் வேலையை மேலே முதலில் சொன்னது அதனால்தான். புதிதாகப் பதித்த புல்வெளிக்கு இவ்வகை மருந்து ஆகாது, வேரூன்றுவதையும் தடுக்கும். லேபிளில் புல்வெளிக்கு என்றும், உங்கள் புல்லின் பெயரும் தெளிவாக அச்சிட்டிருந்தால் தவிர வாங்க வேண்டாம்.

மே முதல் ஆகஸ்ட் வரை: கைக்களை

களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்று ஊரில் சொல்வது புல்லுக்கும் பொருந்தும். மழை பெய்த மறுநாள், அல்லது களை உள்ள திட்டுக்கு மட்டும் நீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். உறைபனி விழுந்த காலையில் வேண்டாம்; உறைந்த புல்லை மிதித்தால் இலைத்திசுக்கள் நொறுங்கி, அடிபட்ட தடம் இளவேனில் வரை தெரியும். பனி உருகிக் காயும்வரை காத்திருங்கள்.

வேரின் தன்மைக்கேற்ப முறை மாறும். குளிர்காலப் புல்லையும் சிக்வீடையும் தூரோடு பிடித்து இழுத்தால் போதும். டான்டெலியன் போன்ற ஆணிவேர்ச் செடியை இழுத்தால் வேர் பாதியில் அறுந்து, அறுந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று தலைகளாக முளைக்கும். குறுகிய களைக்கொத்தியையோ, பழைய சமையலறைக் கத்தியையோ வேரை ஒட்டிச் செங்குத்தாக ஒரு சாண் இறக்கி, மண்ணை நெம்பித் தளர்த்திய பிறகு, இலைகளை மொத்தமாக அடியில் பிடித்து மெதுவாக மேலே இழுக்க வேண்டும். ‘பொளக்’ என்று முழுதாக வந்தால் சரி. ‘டக்’ என்ற ஒலி கேட்டால் மீண்டும் தோண்டுங்கள்.

கிழங்குள்ள ஆக்ஸாலிசுக்கு நேரம் முக்கியம். பூ தொடங்கும் தறுவாயில் பழைய குமிழ் தன் சேமிப்பைச் செலவிட்டுத் தளர்ந்திருக்கும். புதுக்குமிழ்கள் இன்னும் உருவாகியிருக்கமாட்டா. அப்போது மண்ணோடு அள்ளி எடுத்துவிட்டால் அந்த ஆண்டின் பெருக்கம் நின்றுபோகும். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்தால்தான் தீரும். ஒரே ஆண்டில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிடுங்கியவற்றில் பூவோ கதிரோ இருந்தால் எருக்குழியில் போடாதீர்கள். வீட்டு எருக்குழி விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுவது அரிது. கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். கிழங்குக் குமிழ்களுக்கும் இதே விதிதான்.

குளிர்காலத்தில் நீரைப் பற்றி ஒரு சொல். மேட்டுநிலத்தில் உறங்கும் கிக்கூயுவுக்கு வாரந்தோறும் நீர் தேவையில்லை. மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, அதுவும் மண் தூளாகக் காய்ந்திருந்தால் மட்டும், ஆழமாக ஒரு பாய்ச்சல் போதும். தானியங்கித் தெளிப்பான் இருந்தால் மே மாதத்தில் அதை நிறுத்திவிடுங்கள். அண்டை வீட்டார் பச்சையாக வைத்திருக்கிறார்களே என்று பார்க்க வேண்டாம். அங்கே இறங்கிப் பார்த்தால் பாதிக்குமேல் படகு நுனி இலைகளாகத்தான் இருக்கும்.

மருந்து தெளிக்கத்தான் வேண்டுமென்றால்

அகன்ற இலைக் களைகள் கைக்கு அடங்காத அளவு பரவியிருந்தால், 2,4-டி, எம்.சி.பி.ஏ., டைகாம்பா, மெக்கோப்ராப் ஆகியவற்றில் ஒன்றோ, சிலவற்றின் கலவையோ உள்ள மருந்துகள் கடையில் கிடைக்கும். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலையை மட்டும் கொல்லும் தன்மை இவற்றுக்கு உண்டு. பஃபலோ புல் வைத்திருப்பவர்கள் 2,4-டி, டைகாம்பா உள்ளவற்றைத் தவிர்ப்பது நல்லது. குளிர்காலப் புல்லுக்கு இவை எதுவும் பயன்படா என்பதை மீண்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ‘எல்லாக் களைக்கும்’ என்று நீட்டினால், லேபிளில் களையின் பெயரைக் காட்டச் சொல்லுங்கள்.

லேபிளைப் படிப்பதுதான் பாதி வேலை. தென்னாப்பிரிக்காவில் விற்கும் ஒவ்வொரு களைக்கொல்லியும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்கீழ்ப் பதிவாகியிருக்க வேண்டும். ‘எல்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அந்தச் சட்டத்தின் பெயரும் லேபிளில் இருக்கும். அவை இல்லாத புட்டியை, சாலையோரத்தில் குளிர்பானப் புட்டியில் ஊற்றி விற்பதை, எவ்வளவு மலிவாயிருந்தாலும் தொடாதீர்கள். லேபிளின் அடியில் ஓடும் வண்ணப்பட்டை நச்சின் கடுமையைக் காட்டுகிறது: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். பச்சைப் பட்டை என்றால் பாதுகாப்பானது என்று பொருளல்ல; அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

அளவைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. முதலில் தெளிப்பானில் வெறும் நீரை அளந்து ஊற்றி, 10 சதுரமீட்டர் இடத்தை நாடாவால் அளந்து, வழக்கமான நடையில் தெளித்துப் பாருங்கள். அதற்கு அரை லிட்டர் செலவானால், 100 சதுரமீட்டருக்கு உங்களுக்கு 5 லிட்டர் வேண்டும். லேபிளில் 100 சதுரமீட்டருக்குச் சொல்லியிருக்கும் மருந்தை அந்த 5 லிட்டரில் கலக்க வேண்டும். கூடுதலாகக் கலந்தால் களை சீக்கிரம் சாகும் என்று நினைப்பது தவறு. இலை சட்டென்று கருகி, மருந்து வேருக்கு இறங்குமுன் வழி அடைபட்டுவிடும்.

தெளிக்கும் நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். களை வளர்ந்துகொண்டிருக்கும் நாளில்தான் மருந்து உள்ளே ஏறும். கடும் உறைபனி வாரத்தில் தெளிப்பது பயனற்றது. தெளிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாளுக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கள். குளோவர் பூத்திருந்தால் தேனீக்கள் வரும். பூக்களை முதலில் வெட்டி, சில நாள் கழித்தே தெளியுங்கள். ஆகஸ்ட் மாதம் மேட்டுநிலத்தில் காற்று மாதம். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் உள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்தப் பருவத்தில் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிச் சூடாகவும் வறண்டும் வீசும் பெர்க் காற்றும் உண்டு. அத்தகைய நாளில் தெளித்தால் மருந்து உங்கள் வேலியோடு நிற்காது. காற்றசையாத அதிகாலை நல்லது.

நம்மவர் வீட்டுப் பின்புறத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் மிளகாயும் கத்தரியும் இல்லாமல் இராது. இவை எல்லாமே அகன்ற இலைச் செடிகள் என்பதை மருந்து அறியும். தக்காளி மிகவும் மென்மையானது. சிறு சாரல் பட்டாலும் இலை முறுக்கிக்கொண்டு நிற்கும். டைகாம்பா மண்ணில் இறங்கி வேர் வழியாக மரத்தையும் தாக்கக்கூடியது. கறிவேப்பிலை மரத்தின் வேர் பரவும் வட்டத்துக்குள் அதைத் தெளிக்காதீர்கள். மருந்தடித்த புல்லின் வெட்டுத்துண்டுகளைக் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடவும் வேண்டாம். இன்னொன்று: விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது. அருகம்புல் புல்வெளி வைத்திருப்பவர்கள் பூசைக்கும் சாறு பிழிவதற்கும் அங்கேயே கிள்ளுவதுண்டு. அந்தப் பருவத்தில் மருந்து தெளித்திருந்தால் அந்தப் புல்லைத் தொடக்கூடாது. மருந்தே படாத ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்கிவைப்பது நல்ல வழக்கம்.

வாரத்துக்கொரு நாள் தோட்ட வேலைக்கு ஆள் வருகிறார் என்றால், தெளிப்பானை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்சிலும் இருக்கும்; அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். ரப்பர் கையுறை, பாதத்தை முழுதாக மூடும் காலணி, கண்ணாடி ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். புல் காயும்வரை பிள்ளைகளையும் நாயையும் விடாதீர்கள். யாராவது விழுங்கிவிட்டாலோ கண்ணில் பட்டுவிட்டாலோ 0861 555 777 என்ற நச்சுத் தகவல் உதவி எண்ணுக்கு உடனே அழைத்து, புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கிளைபோசேட்டைப் பற்றிப் புதியவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு: புல் உறங்கும்போது தெளித்தால் பச்சையாயிருக்கும் களை மட்டும் சாகுமாமே என்று. முழுவதும் பழுப்பாகிவிட்ட அருகம்புல்லில் அனுபவமுள்ளவர்கள் இதைச் செய்கிறார்கள், உண்மை. ஆனால் கிக்கூயு, மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் பச்சை தண்டு வைத்திருக்கும். டர்பனில் எந்தப் புல்லும் முழுதாக உறங்குவதில்லை. புல்லை விலக்கி அடியைப் பார்த்து ஒரே ஒரு பச்சைத் துளிர் கண்டாலும் விட்டுவிடுங்கள். புதியவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை

மேட்டுநிலத்தில் ஆகஸ்ட் மாதம் புல்லை ஒட்ட மழித்து, அதன்மேல் லான் டிரெஸ்ஸிங் என்னும் மண்கலவையைப் பரப்புவது வழக்கம். அதற்கு முன் கதிர் விட்ட களைகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழிக்கும் இயந்திரமே விதைக்கும் கருவியாகிவிடும். இயந்திரத்தில் வெட்டுப்புல் சேரும் பையை மாட்டி, ஒவ்வொரு முறையும் குப்பையில் கொட்டுங்கள். கடும்பனி முற்றிலும் நீங்கிய பின்னரே மழிக்க வேண்டும்.

குளிர்காலப் புல் அக்டோபர், நவம்பர் வெயிலில் தானே மடியும். மடிந்த இடம் வெற்றுத் திட்டாகும். அதைக் கோடைக் களைகள் பிடித்துக்கொள்ளும். ஆகவே செப்டம்பரிலேயே, உங்கள் புல்வெளியின் அடர்ந்த ஓரத்திலிருந்து ஓடுதண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்து, வேர்பிடிக்கும்வரை தினமும் லேசாக நீர் விடுங்கள். முளைப்புத் தடுப்பு மருந்து இட்ட இடமாயிருந்தால் லேபிளில் சொன்ன காலம் கழிந்தபின் நடுங்கள். மிஞ்சிய கிக்கூயுத் தண்டுகளை ஓடையோரத்தில் வீச வேண்டாம்; ஈரநிலங்களில் அது ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

டிரெஸ்ஸிங் மூட்டை வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே ஒரு மூட்டையை முன்கூட்டி வாங்கி, அதில் இரண்டு கைப்பிடியைத் தட்டில் பரப்பி, ஈரப்படுத்தி, வெயில் படும் சன்னலோரத்தில் இரண்டு வாரம் வையுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் மற்ற மூட்டைகளையும் அங்கேயே வாங்கலாம். பச்சை தலைகாட்டினால் அந்த மூட்டையைப் பூந்தொட்டிக்கு வைத்துக்கொண்டு, புல்வெளிக்கு வேறு கடையில் விசாரியுங்கள்.